தடைக்காலத்தில் ஒரு மேட்ச்

நள்ளிரவுக்குத்தான் விசில்.
அங்கே அது இன்னும் சாப்பாட்டு நேரம்.
தங்கச்சிமடம் ஐஸ் பிளாண்ட் பின்சுவரில்
சீனி நைனாவின் போனைச் சாய்த்துவைத்து
நாலு பேர் குந்தியிருக்கிறோம்.
விசைப்படகெல்லாம் கரையேறி
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன.
பெயிண்ட் வாடை. கொசு.

"நீ சொல்லு இத்தாலி, எவன் ஜெயிப்பான்?"

என் பெயர் பிரிட்டோ.
பதினோரு வருசம் பலெர்மோ மீன் சந்தையில்
சால்வோ கடையில் மூக்கு நீண்ட மீனை அறுத்ததற்கு
இவர்கள் கொடுத்த பட்டம் இத்தாலி.
அங்கே நான் சிலோன்காரன்.
எத்தனை தரம் திருத்தினாலும் சிலோன்காரன்.
ஒருதரம் நடுக்கடலில் முகத்தில் லைட் அடித்தவன் மட்டும்தான்
என்னைச் சரியாக இந்தியன் என்று கூப்பிட்டான்.

இத்தாலி அரசியலா? சொல்கிறேன்.
சால்வோ கத்தியைத் துடைத்தபடி
"புதுசு வந்திருக்கு, பார்த்தியா?" என்பான்.
நான் ஐஸ் பெட்டிக்குள் தேடுவேன்.
அவன் சொன்னது பிரதமரை.
நான் இருந்த காலத்தில் ஒரு கை விரல் தீர்ந்து
அடுத்த கைக்குப் போனது கணக்கு.
டிவியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.
கோட்டு மட்டும் கசங்காது.
"நம்ம ஆளுக வேட்டி கசங்குதாக்கும்?" என்றான் அருளப்பன்.

மீன் போட்ட சாப்பாட்டில் சீஸ் தூவக்கூடாது.
தெரியாமல் தூவிவிட்டேன்.
சால்வோ பெண்டாட்டி மூன்று நாள் பேசவில்லை.
மீனும் தயிரும் ஆகாது என்று வளர்ந்தவன்,
நான் எப்படிக் கோபப்பட முடியும்?

மலைமேல் ரொசாலியா கோயிலுக்கு
ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை
யாழ்ப்பாணத்துப் பெண்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள்,
நெற்றியில் திருநீறு.
சாமி வேறயாச்சே என்றேன் ஒருத்தியிடம்.
"இங்கத்த விசா இவவிட்டதான்" என்றாள், நிற்காமல்.

பந்து சமாச்சாரத்துக்கு வருகிறேன்.
எங்கள் சட்டை ரோஸ் நிறம்.
"ஆம்பள ரோஸ் போடுவானாடா?"
முப்பதாயிரம் ஆம்பளை போட்டிருந்தார்கள், நைனா,
அத்தனை பேர் வாயிலும் கெட்ட வார்த்தை.
அம்மா செத்தபோது சால்வோ ஒருநாள் கடையடைத்தான்.
அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது
இரண்டு நாள்.

இன்னொன்றும் பார்த்தேன்.
சிவப்பு இறாலுக்குத் தெற்கே போன படகொன்றை
கோடு தாண்டியதாகச் சொல்லி
எதிர்க்கரைக்காரன் இழுத்துப் போனான்.
பெண்கள் நடுரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.
அமைச்சர் வந்தார். கோட்டு கசங்கவில்லை.
கூட்டத்தில் நின்று நானும் கத்தினேன்.
மொழிதான் புதுசு,
வசனம் எனக்கு மனப்பாடம்.

இந்தா, கோல்!
அருளப்பன் எழுந்து ஆடுகிறான், கைலி அவிழ.
நடுவர் காதில் கைவைத்து நிற்கிறார்.
திரையில் ஒரு கோடு முளைக்கிறது.
ஆஃப்சைடு.

"எங்க கோடு? புல்லுல ஒண்ணுமில்லையே?"
புல்லில் இருக்காது, நைனா.
எதிராளி நகர்ந்தால் அதுவும் நகரும்.
பந்து கிளம்பும் நொடியில்
கால் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.
"யாரு அளக்குறா?"
ஒரு அறையில் உட்கார்ந்து நாலு பேர்,
திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து.

அதுவரை சேசுராஜா வாய் திறக்கவில்லை.
அவன் படகு மாசி மாதத்திலிருந்து
மயிலிட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறது.
போனைக் கையிலெடுத்துக்
கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான்.
"கட்டை விரல்தானே" என்றான்.
"திருப்பிப் போட்டாவது பாக்குறாங்க."
போனைத் திரும்பச் சாய்த்துவைத்தான், கவனமாக.
கொஞ்ச நேரம் யாரும் கொசு அடிக்கவில்லை.

எண்பதாவது நிமிடத்தில் சார்ஜ் தீர்ந்தது.
ஐஸ் பிளாண்ட் வாட்ச்மேன் பிளக் தரமாட்டேன் என்றான்.

காலையில் சால்வோவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்,
ஏழு நிமிடம்.
நடுவரின் தாயில் தொடங்கி ரோமாபுரி வரைக்கும் வைகிறான்.
இடையில் மாதாவைக் கூப்பிடுகிறான், அழுகிறான்,
யாரிடமோ எலுமிச்சை என்ன விலை என்று கேட்கிறான்.
இரண்டுதரம் கேட்டேன்.
தோற்றார்களா, ஜெயித்தார்களா,
தெரியவில்லை.
இரண்டுக்கும் அவன் குரல் ஒன்றுதான்.